அரசியல் யாப்பின் இயல்பும் பயனும்
சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு பற்றிய ஒரு நோக்கு

யாப்பு என்னும் சொல் யாத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. யாத்தல் என்பதற்குக் கட்டுதல் என்பது பொருள். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்பவற்றைக் கட்டிச் செய்யுளாக்கும் முறையை நம் இலக்கணகாரர் யாப்பு என்றனர். ஓர் அரசின் அடிப்படைச் சட்டத்தைக் குறிப்பதற்கும் இச்சொல்லை இலங்கைத் தமிழர் எடுத்தாண்டு வந்துள்ளனர். அரசியலமைப்பு, அரசியற்றிட்டம் என்னும் வழக்குகளும் உள. அமைப்பு என்னும் சொல் அரசின் உறுப்புக்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதனை உணர்த்தும். திட்டம் என்பது அவ்வமைப்பின் வரைபடத்தை உணர்த்தும். யாப்பு என்னும் சொல்லோ கட்டுதல் என்னும் கருத்தினையும் உடன்கொண்டு நிற்கின்றது. அதிகாரத்தை அமைப்பது ஒரு தொழில். அமைக்கப்பட்ட அதிகாரத்தைக் கட்டுவது பிறிதொரு தொழில். இவ்விரு தொழிலையும் செய்வதே அரசியல் யாப்பு. கட்டு உறுதியானதா, தளர்ந்ததா என்பதை அறிவதற்கு அதன் சொற்களை மட்டும் நோக்குதல் போதாது. அதனை யார் யாத்தனர், யார் காக்கின்றனர், யார் அவிழ்க்கக்கூடும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணல் வேண்டும். நமது நாட்டின் யாப்பு வரலாற்றில் ஒரு பிரிவினை எடுத்து இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்சிக்கு எல்லையுண்டு என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் திருவள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்தார். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் தீர்ப்பின் பிழையினை உணர்ந்த அளவிலே உயிர் நீத்தான். எனினும், அங்கே மன்னனைத் தண்டித்தது அவனது மனச்சான்றேயாகும். கண்ணகி வழக்குரைத்தது பிழை செய்த மன்னனிடமே. அவனுக்கு மேலாக வேறொரு மன்றம் இருக்கவில்லை. மன்னன் அறவோன் அல்லனாயின் குடிகள் யாது செய்வர் என்னும் வினாவுக்கு அந்த ஒழுங்கிலே விடையில்லை. இதற்கு மாறாக, முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) வேறொரு நெறியைக் காட்டுகின்றன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தெரிவு செய்தற்குரிய விதிகள் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. வயதெல்லை, நிலவுடைமை, கல்வி ஆகிய தகுதிகள் கூறப்படுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்படுகின்றனர். தனியொருவரின் நற்குணத்தை மட்டும் நம்பாது, முன்னரே எழுதப்பட்ட விதியை நம்பிய ஓர் ஏற்பாடு இது. ஓர் ஊரின் அளவிலே நின்ற இவ்வெண்ணத்தை ஒரு நாட்டின் அளவிற்கு விரிப்பதே தற்கால அரசியல் யாப்பு எனலாம்.

நாட்டளவில் இவ்வெண்ணம் இரு வடிவங்களிலே வளர்ந்தது. பிரித்தானியாவில் யாப்பு ஒரே ஆவணத்தில் எழுதப்படவில்லை. சட்டங்களும் தீர்ப்புக்களும் மரபுகளும் சேர்ந்ததே அவர்தம் யாப்பு. பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தைச் செல்லாதெனக் கூறும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை என்பது அதன் அடிப்படை. ஐக்கிய அமெரிக்காவோ 1787இல் எழுதப்பட்ட யாப்பினை ஆக்கிக்கொண்டது. அந்த யாப்புக்கு முரணான சட்டம் செல்லாது என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1803இல் தீர்ப்பளித்தது. முன்னையது நெகிழும் யாப்பு; பின்னையது நெகிழா யாப்பு. பிரித்தானியரிடமிருந்து விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றில் இவ்விரண்டும் கலந்தன. பாராளுமன்ற ஆட்சி பிரித்தானிய மரபிலிருந்து வந்தது. அதனைக் கட்டும் எழுத்து யாப்பு பிறிதொரு மரபிலிருந்து வந்தது. இலங்கையும் அவ்வகையைச் சார்ந்ததே.

இத்தகைய நாடுகளிலே யாப்புக்குச் சிறப்பானதொரு பணியும் உண்டு. கட்சிகளுக்கிடையே இன்றைய சிறுபான்மை நாளைய பெரும்பான்மையாகலாம். கருத்து மாறும், வாக்கு மாறும், ஆட்சியும் மாறும். அம்மாற்றம் உண்டென்னும் நம்பிக்கையினாலேயே தோற்ற கட்சி தோல்வியை ஏற்கின்றது. மொழியாலும் மதத்தாலும் இனத்தாலும் அமைந்த சிறுபான்மைக்கோ இந்நம்பிக்கை இல்லை. எத்தனை தேர்தல் நடந்தாலும் எண்ணிக்கை மாறப்போவதில்லை. ஆகவே பெரும்பான்மை தன் எண்ணிக்கையின் வலிமையால் எதனைச் செய்யாது என முற்கூட்டியே உறுதி கூறுதல் அங்கே இன்றியமையாததாகின்றது. அவ்வுறுதி எழுதப்படும் இடம் அரசியல் யாப்பேயாகும். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு அத்தகையதோர் உறுதிமொழியாக விளங்கிற்று.

அதன் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். 1931ஆம் ஆண்டின் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையை அளித்தது. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தது. விடுதலை அண்மித்த காலத்தில், சட்டசபையில் பெரும்பான்மையினருக்குப் பாதியும் ஏனைய சமூகங்கள் அனைத்துக்கும் பாதியுமாக இடங்கள் பகிரப்பட வேண்டுமென ஜீ.ஜீ. பொன்னம்பலம் கோரினார். 1944ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த சோல்பரி ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை. அதற்கு ஈடாகச் சில காப்புக்கள் யாப்பிலே இடம்பெற்றன. குடித்தொகைக்கு மட்டுமன்றி 1,000 சதுர மைல் நிலப்பரப்புக்கும் ஓர் இடம் என்னும் முறை, 30 பேர் கொண்ட மூதவை, பொதுச்சேவை ஆணைக்குழு, பிரிவிக் கவுன்சில் எனப்படும் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு என்பன அவை. இவற்றோடு 29ஆம் பிரிவும் சேர்ந்தது.

29ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு பாராளுமன்றத்துக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தை வழங்கிற்று. இரண்டாம் உட்பிரிவு அவ்வதிகாரத்தைக் கட்டிற்று. எம்மதத்தினதும் சுதந்திரமான வழிபாட்டைத் தடுக்கும் சட்டமோ, ஏனைய சமூகத்தவர்க்கோ மதத்தவர்க்கோ இல்லாத இடர்ப்பாட்டை ஒரு சமூகத்தவர்க்கோ மதத்தவர்க்கோ விதிக்கும் சட்டமோ, ஏனையோர்க்கு இல்லாத சலுகையை ஒரு சாரார்க்கு அளிக்கும் சட்டமோ இயற்றப்படலாகாது. மத நிறுவனமொன்றின் அமைப்பை அதன் ஆளுங்குழுவின் இசைவின்றி மாற்றும் சட்டமும் ஆகாது. அவ்வாறு இயற்றப்படின் அது செல்லாது என்றது மூன்றாம் உட்பிரிவு. நான்காம் உட்பிரிவு, பிரதிநிதிகள் சபையின் மொத்த உறுப்பினரில் மூன்றிலிரு பங்கினரின் ஆதரவுடன் யாப்பினைத் திருத்தலாம் என்றது. இக்காப்பின் கருத்து இலங்கை அமைச்சர்கள் 1944இல் தாமே ஆக்கிய வரைவிலும் காணப்பட்டது. எனவே பெரும்பான்மைத் தலைமை தானாகவே ஏற்றுக்கொண்ட கட்டு இதுவெனல் தகும். 1945 நவம்பரில் புதிய யாப்பினை ஏற்கும் பிரேரணை 51க்கு 3 என்னும் வாக்குகளால் அரசாங்க சபையில் நிறைவேறியது. சிறுபான்மை உறுப்பினர் பலரும் அதற்கு ஆதரவாக வாக்களித்தனர்.

இக்கட்டின் முதற் சோதனை விரைவிலேயே வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பரம்பரை வழியாகவும் பதிவு வழியாகவும் குடியுரிமை பெறும் முறையை வகுத்தது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் குடிகளுக்கே வாக்குரிமை என்றது. இவ்விரண்டும் சேர்ந்த அளவில், 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்த மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் வாக்குரிமையை இழந்தனர். எந்தச் சட்டத்திலும் அவர்தம் சமூகத்தின் பெயர் குறிக்கப்படவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. வாக்காளர் இடாப்பில் தம் பெயர் சேர்க்கப்பட வேண்டுமெனக் கொடக்கன் பிள்ளை என்பவர் தொடுத்த விண்ணப்பம் ஈற்றில் கோமறைக் கழகம் வரை சென்றது. 1953இல் அக்கழகம் அச்சட்டங்கள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தன் குடிகள் யாவர் என வரையறுத்தல் ஒரு சட்டசபையின் இயல்பான பணியென்பதே அத்தீர்ப்பின் சாரம். நேராகச் செய்யலாகாததைச் சட்டசபை மறைமுகமாகச் செய்ய முயன்றதெனக் காட்டப்படுமாயின் சட்டம் செல்லாதாகலாம் என்பதனையும் நீதியரசர்கள் ஏற்றனர். அவ்வழக்கில் அஃது எண்பிக்கப்படவில்லை என்றனர்.

இத்தீர்ப்பு ஒரு பொது உண்மையை விளக்குகின்றது. சமத்துவ விதி சட்டத்தின் முகத்தை மட்டும் நோக்குமா, அதன் விளைவையும் நோக்குமா என்பதைப் பொறுத்தே அதன் வலிமை அமையும். பொதுவான சொற்களால் எழுதப்பட்ட சட்டமொன்று ஒரு சமூகத்தையே பெரிதும் தாக்குதல் கூடும். முகத்தை மட்டும் நோக்கும் காவலன் அதனைக் காணான். கட்டு மீறப்படாமலே அதன் பயன் இழக்கப்பட்டது. அவ்விழப்பு எளிதில் ஈடுசெய்யப்படவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை நாடற்றோர் எனக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பகிரப்பட்டனர். எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலும் இயற்ற வேண்டியிருந்தது.

இரண்டாம் சோதனை மொழி பற்றியது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கிற்று. அரசாங்க எழுதுவினைஞரான கோடீசுவரன் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாமையால் அவரது சம்பள ஏற்றம் 1962இல் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். அச்சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது, ஆகவே செல்லாது எனக் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் ஒருவர் தம் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்காட முடியாது என 1967இல் கூறி, யாப்புப் பிரச்சினையை ஆராயாது விட்டது. 1969 டிசம்பரில் கோமறைக் கழகம் வழக்காடும் உரிமை உண்டெனக் கொண்டு, யாப்புப் பிரச்சினையைத் தீர்க்குமாறு வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது. அவ்வினா ஒருபோதும் விடை பெறவில்லை. கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு 1971இல் ஒழிக்கப்பட்டது. 29ஆம் பிரிவும் 1972இல் மறைந்தது. காவலன் வாய் திறக்குமுன் காவலே நீங்கிற்று.

இதற்கிடையில் 1964இல் தீர்க்கப்பட்ட இலஞ்ச ஆணையாளர் எதிர் இரணசிங்க என்னும் வழக்கு முக்கியமானது. நீதிச்சேவை ஆணைக்குழுவால் நியமிக்கப்படாதோர் இலஞ்ச விசாரணை மன்றத்தில் இருந்து தண்டனை வழங்கலாமா என்பதே அவ்வழக்கின் வினா. ஆகாது என்றது கோமறைக் கழகம். அத்தீர்ப்பின் இடையே 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பற்றியும் ஒரு கருத்துக் கூறப்பட்டது. இலங்கையின் குடிகள் தமக்குள்ளே யாப்பினை ஏற்றபோது விதித்துக்கொண்ட அடிப்படை நிபந்தனைகள் அவ்வுட்பிரிவில் உள. ஆகவே அவை அந்த யாப்பின்கீழ் மாற்றத்தகாதன என்பதே அக்கருத்து. வழக்கின் முடிவுக்கு அது தேவையானதன்று. ஆதலால் பிணிக்கும் தீர்ப்புமன்று. எனினும், யாப்பு என்பது சமூகங்களுக்கிடையிலான ஓர் உடன்படிக்கை என்னும் எண்ணத்தை இத்துணைத் தெளிவாகக் கூறிய நீதிமன்றக் கூற்று நம் வரலாற்றில் அரிது.

உடன்படிக்கையை உள்ளிருந்து மாற்ற முடியாதெனின், அதற்குப் புறத்தே சென்று புதியதோர் யாப்பினை ஆக்கும் வழி எஞ்சியது. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய முன்னணி அதற்கான ஆணையை மக்களிடம் கோரிற்று. அளிக்கப்பட்ட வாக்குகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பெற்று, தேர்தலுக்குரிய 151 ஆசனங்களுள் 116ஐக் கைப்பற்றியது. அவ்வாண்டு ஜூலை 19இல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் நவரங்கலாவில் அரசியல் நிர்ணய சபையாகக் கூடினர். முடியிடமிருந்து பெற்ற யாப்பினை விடுத்து மக்களிடமிருந்து பிறக்கும் யாப்பினை ஆக்கல் வேண்டும் என்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. அந்நியரின் ஆவணத்தை நீக்க விரும்புதல் விடுதலை பெற்ற மக்களுக்கு இயல்பே. ஆயின் மக்கள் எனப்படுவோர் யாவர் என்னும் வினா அங்கே எழுந்தது. தமிழரசுக் கட்சி முன்வைத்த சமஷ்டி யோசனை ஏற்கப்படவில்லை. மொழி பற்றிய திருத்தங்களும் ஏற்கப்படவில்லை. அக்கட்சி 1971 ஜூன் மாதத்தில் சபையினின்றும் விலகியது. 1972 மே 22ஆம் நாள் ஏற்கப்பட்ட யாப்பு ஒற்றையாட்சியை வலியுறுத்தியது. பௌத்த மதத்துக்கு முதன்மை இடம் அளித்தது. சிங்களத்தின் அரசகரும மொழி நிலையை யாப்பிலேயே பொறித்தது. அடிப்படை உரிமைகள் பற்றிய அத்தியாயம் ஒன்று முதன்முறையாக இடம்பெற்றதாயினும், இயற்றி முடிந்த சட்டத்தை நீதிமன்றம் ஆராய்தல் விலக்கப்பட்டது. அவ்வாண்டின் அக்டோபரில் சா.ஜே.வே. செல்வநாயகம் தம் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். புதிய யாப்பினைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதை இடைத்தேர்தலால் காட்டுவதே அவர் நோக்கம். அவ்விடைத்தேர்தல் 1975 பெப்ரவரியிலேயே நடைபெற்றது. அதில் அவர் பெருவெற்றி ஈட்டினார்.

சோல்பரி யாப்பினை அந்நியர் ஆக்கினர். ஆயினும் அதனைச் சிறுபான்மைப் பிரதிநிதிகள் பலர் ஏற்றனர். 1972ஆம் ஆண்டின் யாப்பினை இந்நாட்டவரே ஆக்கினர். ஆயினும் நாட்டின் ஒரு பகுதியினரின் பெரும்பாலான பிரதிநிதிகள் அதில் ஒப்பமிடவில்லை. சுதேசத்தில் பிறத்தல் வேறு, அனைவரின் இசைவோடு பிறத்தல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

1978 செப்டெம்பர் 7இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் குடியரசு யாப்பும் இவ்வழியே வந்தது. 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் பாதிக்குச் சற்றுக் கூடிய வாக்குகளால் 168 ஆசனங்களுள் 140ஐப் பெற்ற கட்சி அதனை ஆக்கிற்று. அதன் பூட்டுக்களை நோக்குதல் பயனுடைத்து. யாப்பின் பெரும்பகுதியைப் பாராளுமன்றத்தின் மூன்றிலிரு பங்கினர் திருத்தலாம். 83ஆம் உறுப்புரை பெயர் குறித்துக் கூறும் சில உறுப்புரைகளுக்கு மட்டும் அதனோடு மக்கள் தீர்ப்பும் வேண்டும். ஒற்றையாட்சி பற்றிய 2ஆம் உறுப்புரையும் பௌத்த மதம் பற்றிய 9ஆம் உறுப்புரையும் அந்நிரலில் உள. சிந்தனைச் சுதந்திரமும் சித்திரவதையிலிருந்து விடுதலையும் உள. சட்டத்தின்முன் சமத்துவம் பற்றிய 12ஆம் உறுப்புரையும் மொழி பற்றிய அத்தியாயமும் அந்நிரலில் இல்லை. மக்களின் இறைமையில் அடிப்படை உரிமைகளும் அடங்கும் எனக் கூறும் 3ஆம் உறுப்புரையின் வழியாகச் சமத்துவத்துக்கும் அக்காப்பு உண்டென வாதிடலாம். எனினும், எவை பெயர் சுட்டிப் பூட்டப்பட்டன, எவை விடப்பட்டன என்பது யாப்பினை ஆக்கியோரின் எண்ணத்தைப் புலப்படுத்துகின்றது.

மக்கள் தீர்ப்பு என்னும் பூட்டின் இயல்பையும் ஆராய்தல் வேண்டும். 1982 டிசம்பர் 22இல் நடைபெற்ற மக்கள் தீர்ப்பினால், 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுள் தேர்தலின்றி நீடிக்கப்பட்டது. 1989 பெப்ரவரி வரையில் பொதுத்தேர்தல் நடைபெறவில்லை. இம்முறை பெரும்பான்மையின் விருப்பத்துக்கு எதிராக ஆட்சியாளரைத் தடுக்கக்கூடும். பெரும்பான்மையே விரும்பும் ஒன்றிலிருந்து சிறுபான்மையைக் காக்காது. பூட்டும் திறவுகோலும் ஒரே கையில் இருப்பின் பூட்டினாற் பயனென்ன? 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளை அமைத்துத் தமிழையும் ஓர் அரசகரும மொழியாக்கிற்று. அத்திருத்தம் மக்கள் தீர்ப்புக்கு விடப்பட வேண்டுமா என்பதில் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசரும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. விடப்பட்டிருப்பின் அது நிறைவேறியிருக்குமோ என்பது ஐயத்துக்குரியதே.

பிற நாடுகள் இவ்விடரை எவ்வாறு எதிர்கொண்டன? ஜேர்மனியில் 1919ஆம் ஆண்டின் வைமர் யாப்பு உரிமைகளை விரிவாகக் கூறிற்று. 1933 மார்ச்சில் எதிர்த்தோர் பலர் சிறையிலும் தலைமறைவிலும் இருக்க, மூன்றிலிரு பங்கு வாக்குகளாலேயே அதிகாரம் முழுவதும் ஹிட்லரின் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வனுபவத்தாற் பாடம் கற்ற மேற்கு ஜேர்மனியர், 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்தில் மனித மாண்பு, சமஷ்டி, சனநாயகம் என்பன பற்றிய அடிப்படைகளை எப்பெரும்பான்மையும் திருத்தலாகாது என 79ஆம் உறுப்புரையில் எழுதினர். இந்தியாவின் யாப்பில் அத்தகைய தடை எழுதப்படவில்லை. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் உயர் நீதிமன்றத்தின் 13 நீதியரசருள் எழுவர், யாப்பின் அடிப்படைக் கட்டமைப்பினை அழிக்கும் திருத்தம் ஆகாது என்றனர். அவ்வழக்கில் நம் நாட்டு இரணசிங்க வழக்கும் விரிவாக ஆராயப்பட்டது. இலங்கையில் வேர்கொள்ளாது போன ஒரு கருத்து அயல்நாட்டு மன்றத்தில் விவாதிக்கப்பட்டது சிந்தனைக்குரியது.

யாப்பு முற்றிலும் வலியற்றது எனக் கொள்ளுதலும் பிழையாகும். 2018 நவம்பர் 9இல் சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். 2015ஆம் ஆண்டின் 19ஆம் திருத்தம், நாலரை ஆண்டு நிறைவுறுமுன் அவ்வாறு கலைத்தலைத் தடுத்திருந்தது. பாராளுமன்றமே மூன்றிலிரு பங்கு வாக்குகளாற் கோரினாலன்றிக் கலைத்தல் ஆகாது. இரா. சம்பந்தன் உள்ளிட்ட பலர் வழக்குத் தொடுத்தனர். டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசரும் அக்கலைப்புச் செல்லாதென ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். ஆட்சியாளரும் அதற்குப் பணிந்தனர். எழுதப்பட்ட விதி, வழக்குத் தொடுக்கும் குடி, அஞ்சாத மன்றம், தீர்ப்புக்குப் பணியும் அரசு என்னும் நான்கும் ஒருங்கு சேர்ந்தமையால் அங்கே கட்டு நின்றது. கோடீசுவரன் வழக்கில் முதலிரண்டும் இருந்தன. எஞ்சிய இரண்டும் வாய்க்கவில்லை. 2018இல் காப்பளித்த அதே 19ஆம் திருத்தம் 2020இல் 20ஆம் திருத்தத்தாற் பெரும்பாலும் நீக்கப்பட்டு, 2022இல் 21ஆம் திருத்தத்தால் ஓரளவு மீட்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. ஆட்சிக்கு வருவோரின் வசதிக்கேற்ப அவிழ்த்தும் முடிந்தும் கொள்ளப்படும் கட்டினை யாப்பு எனல் எங்ஙனம்?

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். யாப்பு அரசின் உறுப்புக்களை அமைக்கின்றது. அவற்றின் அதிகாரத்துக்கு எல்லை வகுக்கின்றது. பல சமூகம் வாழும் நாட்டில் அச்சமூகங்களுக்கிடையே ஓர் உடன்படிக்கையாகவும் நிற்கின்றது. மூன்றாவது பணியில் தவறும் யாப்பு முதலிரண்டையும் செவ்வனே செய்தாலும் ஒரு சாராரின் யாப்பாகவே எஞ்சும். 29ஆம் பிரிவின் வரலாறு அப்பிரிவின் சொற்கள் குறைபாடுடையன என்பதைக் காட்டவில்லை. சட்டத்தின் விளைவை நோக்காத காவலும், வினாவுக்கு விடை கூறாத தாமதமும், இசைவின்றி யாப்பினை மாற்றும் வழியும் சேர்ந்து அதனைப் பயனற்றதாக்கின என்பதையே காட்டுகின்றது. புதியதோர் யாப்பு வேண்டுமென்னும் கோரிக்கை இந்நாட்டில் அவ்வப்போது எழுகின்றது. அத்தகைய முயற்சியில் எத்தனை உரிமைகள் எழுதப்படுகின்றன என்பதனிலும், யாருடைய இசைவோடு அது யாக்கப்படுகின்றது, சட்டத்தின் விளைவை நோக்கிச் செல்லாதெனக் கூறும் அதிகாரம் எம்மன்றத்துக்கு உண்டு, சிறுபான்மையோரின் இசைவின்றி அவிழ்க்கலாகாத முடிச்சுக்கள் எவை என்னும் வினாக்களே முதற்கண் கேட்கப்படல் வேண்டும். 1948 முதல் 1972 வரை இவ்வினாக்களுக்கு இந்நாடு அளித்த விடைகளின் விளைவை நாம் அறிவோம்.